அப்பா ஏறி உக்கார ஒரு கார்

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே தலை காட்டல. என்னாச்சுன்னு ரெண்டு மூணு பேர் தனி மடல்ல கேட்டிருந்தீங்க. ஒண்ணும் ஆகல சாமிகளா, கார் பாத்துக்கிட்டு இருந்தேன். பொண்ணு பாக்குறது கூட இவ்ளோ கஷ்டமா இல்ல. அங்கயாவது பஜ்ஜி சொஜ்ஜி கிடைச்சுது :-)

விஷயம் இதுதான். அப்பாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். வீடு செங்கம், ஆஸ்பத்திரி திருவண்ணாமலை. போக முப்பத்தஞ்சு கிலோமீட்டர், வர முப்பத்தஞ்சு. முதல் ஷிப்ட் காலைல ஆறு மணிக்கு, அதனால அஞ்சு மணிக்கு முன்னாடி வீட்ட விட்டுக் கிளம்பணும். இவ்ளோ நாளா வாடகைக் கார்தான். போய், நாலு மணி நேரம் காத்திருந்து, திரும்பி வர ஒரு நடைக்கு ஆயிரத்தெட்டுநூறு. மாசத்துக்குக் கணக்குப் போட்டா இருபத்திரெண்டாயிரத்தத் தாண்டுது. ஆனா காசு மட்டும்தான் பிரச்சனைன்னா இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்போம்.

2025 பொங்கல் சமயத்துல ஒரு நாள் வண்டி வரல. டிரைவர் போன் எடுக்கல. தம்பி தெருத்தெருவா ஓடியிருக்கான், பண்டிகை நேரம், ஒரு வண்டியும் இல்ல. கடைசில பஸ் ஏறிப் போய்ச் சேர்றதுக்குள்ள ஷிப்ட் போச்சு. அன்னிக்கு இடமே இல்லன்னுட்டாங்க. மறுநாள் ராத்திரி அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. சிறுநீரகம் வேலை செய்யாதவங்களுக்கு ஒரு தடவ தவறினா உடம்புல தண்ணி தங்கி நுரையீரல் வரைக்கும் போயிரும். படுக்க முடியாம விடிய விடிய உக்காந்தே இருந்தார். நான் சென்னைல உக்காந்து போன்ல கேட்டுக்கிட்டு இருக்கேன். அன்னிக்கு முடிவு பண்ணினதுதான் சொந்த வண்டி. பணம் சேரத்தான் அக்டோபர் ஆயிருச்சு.

பட்ஜெட் ஏழு லட்சம், டயர், இன்சூரன்ஸ், பேர் மாத்துறது எல்லாம் சேத்து. புதுசு பத்தத் தாண்டும், ஆக செகண்ட் ஹேண்ட்தான். அதுலயும் ஏன் காம்பேக்ட் எஸ்யூவி, ஆடம்பரமான்னு மாமா ஒருத்தர் கேட்டார். ஆடம்பரமில்ல மாமா, எல்லாம் இடுப்பு விவகாரம்.

அப்பாவுக்கு ஃபிஸ்டுலா போட்டிருக்கிறது இடது கை. அந்தக் கைய ஊணி எழுந்திரிக்கக் கூடாது, பாரம் கொடுக்கக் கூடாது, இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நம்ம ஊர் கார்ல டிரைவர் பக்கத்து சீட்டுல உக்காந்தா கதவு எந்தப் பக்கம்? இடது. தாழ்வான கார்ல இருந்து இறங்கணும்னா எந்தக் கைய ஊணுவீங்க? அதே இடது கை. வாடகைக்கு வந்தது எல்லாமே செடான். ஒவ்வொரு தடவையும் தம்பி அப்பாவ அக்குளுக்குள்ள கை கொடுத்துத் தூக்கி இறக்குவான். டயாலிசிஸ் முடிஞ்சு பிரஷர் இறங்கித் தலை சுத்துற நேரத்துல இந்த சர்க்கஸ் வேற. சரி பெரிய வண்டின்னு பக்கத்து வீட்டு ஸ்கார்ப்பியோவுல ஏத்திப் பாத்தோம். அது மாடி ஏறுற மாதிரி.

அதனால ஒரு வேலை செஞ்சேன். அப்பா யார் உதவியும் இல்லாம தானா உக்காந்து எழுந்திரிக்கிறது வீட்டுக் கட்டில்ல. டெய்லர் டேப் வச்சு அளந்தேன், இருபத்தஞ்சு இன்ச். அந்த டேப்ப பாக்கெட்டுல போட்டுக்கிட்டுதான் ஊர் சுத்தினேன். கார் கடைல போய் எஞ்சின் பாக்காம முதல்ல தரைல இருந்து சீட்டு எவ்ளோ உயரம்னு அளந்தா ஒரு மாதிரிதான் பாத்தாங்க. சின்னக் கார்கள் எல்லாம் இருபது, இருபத்தொண்ணுல நின்னுச்சு. காம்பேக்ட் எஸ்யூவிங்க இருபத்தஞ்சு, இருபத்தாறு. அம்மா ஒரே வரில சொன்னாங்க, "உங்கப்பாவுக்கு எதுல ஏறி உக்கார வருதோ அதான்டா காரு. மத்ததெல்லாம் அப்புறம் பேசு."

இந்த ஜாதி வண்டிகளே ஒரு வரிக் கணக்குல பொறந்ததுதான். 2006 பட்ஜெட்ல நாலு மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருந்தா கலால் வரி குறைவுன்னு சொன்னாங்க. அப்புறம் எல்லாரும் வால வெட்டி நாலு மீட்டருக்குள்ள அடைக்க ஆரம்பிச்சாங்க. 2013ல எக்கோஸ்போர்ட் வந்துச்சு, 2016 மார்ச்ல பிரெஸ்ஸா, 2017ல நெக்ஸான், 2019ல எக்ஸ்யூவி 300, வென்யூ. இப்ப செகண்ட் ஹேண்ட் சந்தைல சுத்துறது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான்.

எந்த வண்டி நம்பகமானதுன்னு ஒரு வாரம் ராத்திரி பூரா படிச்சேன். ஒருத்தருக்குக் கோயில் கட்டத் தோணுற வண்டி இன்னொருத்தருக்கு எமனா இருக்கு. குழம்பிப் போய் செங்கத்துல எங்க ஊர் மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். "அண்ணே, எந்த வண்டி ரிப்பேரே ஆகாது?" அவர் கைய வேஸ்ட் துணில தொடச்சுக்கிட்டே சொன்னார், "அப்பிடிக் கேக்காத தம்பி. ரிப்பேர் ஆனா எந்த வண்டிய நான் அன்னிக்கே சரி பண்ணித் தருவேன்னு கேளு."

பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. எங்களுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவ வண்டி வேணும். ஸ்பேர் வர நாலு நாள் ஆகும்னா அந்த வண்டி எவ்ளோ உசத்தியா இருந்தாலும் எங்களுக்கு ஆகாது. எக்கோஸ்போர்ட் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. நம்ம மறைமலைநகர்ல செஞ்சு அமெரிக்கா வரைக்கும் போன வண்டி. ஆனா ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியால கார் தயாரிப்ப நிறுத்துறதா சொல்லி, 2022ல உற்பத்தி நின்னே போச்சு. சென்னைல இருக்கிறவங்க தாராளமா யோசிக்கலாம். செங்கத்துக்காரன் யோசிக்க முடியாது. மனசக் கல்லாக்கிக்கிட்டேன்.

அடுத்து பெட்ரோலா டீசலா. வருஷத்துக்கு பதினோராயிரம் கிலோமீட்டர் இந்தப் பயணமே வருது. பெட்ரோல் லிட்டருக்கு பதினஞ்சு, டீசல் இருபதுன்னு வச்சுக் கணக்குப் போட்டா வருஷத்துக்கு இருபத்தி சொச்சம் ஆயிரம் மிச்சம். ஆசையாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, பழைய டீசல்ல டர்போ, இஞ்செக்டர்னு எது கை விட்டாலும் ரெண்டு வருஷ மிச்சம் ஒரே நாள்ல காலி. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்ததுக்கு அப்புறம் உள்ள டீசல்ல டிபிஎஃப்னு புகைக்கரி பிடிக்கிற வடிகட்டி ஒண்ணு இருக்கு. அது தன்னைத்தானே சூடாக்கி கரிய எரிக்கணும், அதுக்கு நீளமா ஓட்டணும். திருவண்ணாமலை ஓட்டத்துக்குப் பரவால்ல. தம்பி மத்த நாள்ல கடைக்கும் ரேஷனுக்கும் எடுத்துட்டுப் போவானே, அப்ப அடைச்சுக்கும். பழைய 1.3 டீசல் இருக்கே, மாருதில இருந்து டாடா வரைக்கும் எல்லாரும் போட்டதால நாட்டின் தேசிய எஞ்சின்னு கிண்டலா பேர் வாங்கினது, அது நல்ல எஞ்சின்தான். 2020 வரைக்கும் பிரெஸ்ஸாவுல அது மட்டும்தான். ஆனா நம்ம பட்ஜெட்ல வர்றதெல்லாம் லட்சத்தத் தாண்டி ஓடினது.

கடைசில டர்போ இல்லாத சாதா பெட்ரோல், மேனுவல் கியர்னு முடிவு பண்ணோம். பெட்ரோல்ல ஒரு கவலை ஈ20. இப்ப பங்குல கிடைக்கிறதே இருபது சதவீத எத்தனால்தான். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிங்க அதுக்கு ஏத்த ரப்பர், பைப்போட வருது. அதுக்கு முந்தினது எங்க பட்ஜெட். மைலேஜ் கொஞ்சம் குறையும், எரிபொருள் ஹோஸ அப்பப்ப பாத்துக்கணும்னார் மெக்கானிக். வேற வழி?

சரி, பாத்த வண்டிங்க கதைக்கு வர்றேன்.

முதல் வண்டி சென்னைல ஒரு பெரிய கடை. ஏசி ஹால், காபி, இத்தனை நூறு இடத்துல பரிசோதிச்சதுன்னு ஒரு சர்டிபிகேட். வண்டி பளபளன்னு இருக்கு. நாப்பத்திரெண்டாயிரம் கிலோமீட்டர். "டாக்டர் ஓட்டின வண்டி சார்." இந்த நாட்டுல டாக்டருங்க வைத்தியம் பாக்குறத விட கார் விக்கிறதுதான் அதிகம் போல. நானும் மயங்கிட்டேன், அட்வான்ஸ் கொடுக்க பர்ஸ எடுத்தாச்சு. கூட வந்த பாய் (சென்னைல என் பைக்குக்கு பத்து வருஷமா அவர்தான் டாக்டர்) பேசாம பின் சீட்டுல ஏறி சீட் பெல்ட்ட முழுசா, கடைசி வரைக்கும் இழுத்தார். உள்ள சுருண்டு கிடந்த பாகத்துல ஒரு சாண் அளவுக்கு பழுப்பா கோடு. சேத்துத் தண்ணி நின்ன கோடு. அப்புறம் முன் சீட்டுக்குக் கீழ டார்ச் அடிச்சார். சீட்டு நகர்ற தண்டவாளத்துல துரு. ஸ்டெப்னி வச்சிருக்கிற குழில கார்பெட்டத் தூக்கினா ஓரத்துல மண்ணு. வண்டி முங்கியிருக்கு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னைல எத்தனை வண்டி மிதந்துச்சுன்னு நாமதான் பாத்தோமே, அதெல்லாம் எங்க போச்சுன்னு யாராவது யோசிச்சோமா?

முங்கின வண்டி உடனே நிக்காது. அதான் அதோட வில்லத்தனம். கழுவி, சீட்டு மாத்தி, நல்லாவே ஓடும். ஒயரிங் இணைப்புக்குள்ள பச்சைப் பாசம் பிடிச்சு ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சு ஒவ்வொண்ணா விளையாடும். காலைல அஞ்சு மணிக்கு, சாத்தனூர் ரோடு பிரியிற இடத்துல, அப்பா உள்ள உக்காந்திருக்கும்போது விளையாடினா? திரும்பி வர்ற வழில நான் ஒரு வார்த்தை பேசல. பாய் டீ வாங்கிக் கொடுத்தார்.

ரெண்டாவது, டெல்லி வண்டி. விலை ஒண்ணரை லட்சம் கம்மி. அங்க பத்து வருஷ டீசல் மேல கெடுபிடி இருக்கிறதால பயந்து தள்ளி விடுறாங்க, இங்க கொண்டு வந்து விக்கிறாங்க. ஆனா வேற மாநிலத்து வண்டிய இங்க பன்னெண்டு மாசத்துக்கு மேல வச்சிருந்தா நம்ம ஊர் நம்பர் வாங்கணும். அந்த ஊர் ஆர்டிஓவுல ஃபாரம் 28 தடையில்லாச் சான்று, இங்க திரும்ப ஆயுள் வரி. கூட்டிப் பாத்தா மிச்சமெல்லாம் வரிலயே போயிருது. வேணாம்னு வந்துட்டேன்.

மூணாவது சேலத்துல ஒரு ஆட்டோ கன்சல்டிங். மீட்டர்ல எழுபத்தோராயிரம். கிளட்ச் பெடல் ரப்பர் வழுக்கையா இருக்கு, ஸ்டியரிங் எண்ணெய் தடவின மாதிரி மினுக்குது. சந்தேகப்பட்டு வண்டி நம்பர வச்சு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல விசாரிச்சோம். 2022லயே ஒரு லட்சத்து பதினெட்டாயிரத்துல சர்வீஸ் விட்டிருக்கு. மூணு வருஷமா ரிவர்ஸ்லயே ஓட்டினார் போல அந்த ஓனர். கடைக்காரர்கிட்ட சொன்னேன். கோவமே படல. "அப்பிடியா சார், எனக்கே தெரியாதே"ன்னார். முகத்துல ஒரு சலனமும் இல்ல, நடிகர் திலகம் தோத்தார்.

இதுக்கு நடுவுல தினமும் தம்பிகிட்ட இருந்து போன், "என்னண்ணே ஆச்சு?" ஒவ்வொரு டயாலிசிஸ் நாளும் வாடகை டிரைவர் வருவாரா வரமாட்டாரான்னு மூணு மணிக்கே முழிச்சுக்கிறானாம். ஒரு கட்டத்துல எதையாவது வாங்கித் தொலைச்சுருவோம்னு ஆயிருச்சு. அந்த நிலைமைலதான் மனுஷன் தப்பான வண்டிய வாங்குறான்னு நினைக்கிறேன்.

நாலாவது வந்தது பார்ட்டி வண்டி. புரோக்கர் இல்ல, நேரடி ஓனர். வேலூர், டிஎன் 23 நம்பர். 2020 டிசம்பர்ல பதிவான பிரெஸ்ஸா பெட்ரோல், 1462 சிசி, நாலு சிலிண்டர், டைமிங் செயின். முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர். ஓனர் ரிட்டயர் ஆன வாத்தியார். போன்லயே சொல்லிட்டேன், "சார், நாங்க வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க." சூடா இருக்கிற எஞ்சின் எல்லாக் குறையையும் மறைச்சிரும். காலைல ஏழு மணிக்குப் போய் பானட்டுல கை வச்சா சில்லுன்னு இருந்துச்சு. அதுலயே பாதி மனசு போயிருச்சு.

ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆச்சு. பின்னாடி நீலப் புகை இருந்தா ஆயில் எரியுது, நிக்காம வெள்ளைப் புகை வந்தா கூலன்ட் உள்ள போகுதுன்னு அர்த்தம். ரெண்டும் இல்ல. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியத் தொறந்து பாத்தோம், குபுகுபுன்னு காத்து அடிக்கல. டயர்ல நாலு இலக்கம் இருக்கும் பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 4020ன்னு இருந்துச்சு. ஆக 2020 நாப்பதாவது வாரம் செஞ்சது, வண்டியோட வந்த டயர்தான், மீட்டர் பொய் சொல்லல. சீட் பெல்ட் இழுத்தேன் (இப்ப நானே எக்ஸ்பர்ட்டாக்கும்), சுத்தம். அறுநூறு ரூபாய்க்கு வாங்கின ஓபிடி ஸ்கேனர சொருகினேன், பழைய எரர் எதுவும் இல்ல, சமீபத்துல அழிச்ச தடயமும் இல்ல. பின் பம்பர்ல கீறல், இடது கதவுல ஒரு நசுங்கல். அத அவர் டிங்கரிங் பண்ணாம அப்பிடியே விட்டு வச்சிருந்தது எனக்குப் பிடிச்சுது. பட்டி பாத்து பெயின்ட் அடிச்சிருந்தா உள்ள என்ன இருக்குன்னு நமக்கு எப்பிடித் தெரியும்? கிளட்ச் மட்டும் மேல பிடிக்குது, இன்னும் பத்தாயிரம் ஓடலாம்னார் மெக்கானிக். கிளட்ச் பிளேட் செருப்பு மாதிரி, தேயத்தான் செய்யும்.

டேப்ப எடுத்து சீட்ட அளந்தேன். இருபத்தஞ்சரை. வாத்தியார் என்னன்னு கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அவரே முன் சீட்டுல ஏறி உக்காந்து, இடது கைய மடில வச்சுக்கிட்டு இறங்கிப் பாத்தார். "முடியுது தம்பி. வலது காலக் கொஞ்சம் முன்னாடி வைக்கச் சொல்லுங்க."

விலைல மட்டும் மனுஷன் அசையல. 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி குறைஞ்சதுல புது வண்டி விலையே இறங்கியிருக்குன்னு ஆரம்பிச்சேன். "சின்ன எஞ்சினுக்குத்தான் பதினெட்டு சதவீதம். இது 1.5 பெட்ரோல், நாப்பதுதான்"னு கணக்கு வாத்தியார் கணக்கா மடக்கிட்டார். (நிஜமாவே கணக்கு வாத்தியார்தானாம்.) டயர் அஞ்சு வருஷம் ஆச்சு, நாலுக்கு இருபத்தாறாயிரம் ஆகும்னு சொன்னதுக்கு மட்டும் இருபதாயிரம் குறைச்சார். ஆறு லட்சத்து முப்பதாயிரத்துல முடிஞ்சுது.

ஆனா ஒரு சிக்கல். அரசு ஆப்ல பாத்தா ஆர்சில பேங்க் பேர் இன்னும் இருக்கு. கடன் 2023லயே கட்டி முடிச்சாச்சு, எச்பி கேன்சல் பண்ணாம விட்டுட்டார். பேங்க் சான்றோட ஃபாரம் 35 போட்டு அந்தப் பேர எடுத்தாத்தான் ஃபாரம் 29, 30 போட்டு நம்ம பேருக்கு மாத்த முடியும். "பணத்தக் கொடுத்துட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிருவோம்ணே, பேப்பர் மெதுவா வரட்டும்"ங்கிறான் தம்பி. அவன் அவசரம் அவனுக்கு. வாத்தியார் ஒத்துக்கல. 2011ல ஒரு ஸ்கூட்டர அப்பிடித்தான் வித்தாராம். வாங்கினவன் பேர் மாத்தல. ரெண்டு வருஷம் கழிச்சு யாரையோ இடிச்சுட்டான், ஸ்டேஷனுக்கு நடந்தது இவர். சுப்ரீம் கோர்ட்டும் 2018ல அதையேதான் சொல்லியிருக்கு. வித்துட்டேன்னு சொன்னாலும், ஆர்சில யார் பேர் இருக்கோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு. பதினாறு நாள் காத்திருந்தோம். பதினாறு நாள்ல ஏழு டயாலிசிஸ், ஏழு வாடகை வண்டி, அதுல ஒரு நாள் டிரைவர் அரை மணி லேட். நான் அந்தப் பதினாறு நாளும் சரியாத் தூங்கல.

இன்சூரன்ஸ பதினாலு நாளுக்குள்ள நம்ம பேருக்கு மாத்திரணும், மறந்துராதீங்க. பழைய ஓனரோட நோ கிளைம் போனஸ் அவரோடயே போயிரும், அந்த வித்தியாசத்த நாமதான் கட்டணும். எனக்கு இது தெரியாம பட்ஜெட்ல கொஞ்சம் துண்டு விழுந்துச்சு.

வண்டி வந்த அன்னிக்கு நானும் செங்கத்துலதான். விடியக்காலை நாலே முக்கால். வாசல் லைட்ட போட்டு அம்மா சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம் வச்சாங்க. தம்பி வழக்கம் போல அப்பாவத் தூக்கப் போனான். அப்பா கைய விலக்கிட்டார். கதவத் தொறந்து, திரும்பி நின்னு, அப்பிடியே பின்னாடி உக்காந்தார். ஒரு கால், இன்னொரு கால். இடது கை மடிலயே இருந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல.

போற வழில ஜன்னலப் பாத்துக்கிட்டு வந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது எவ்ளோடா?"

அம்பதாயிரம் குறைச்சுச் சொன்னேன். அதுக்கே ஜாஸ்தின்னார்.

பி.கு: கிளட்ச் இன்னும் மாத்தல. நாலு டயரும் மாத்தியாச்சு. தம்பிகிட்ட இருந்து வாரத்துக்கு மூணு நாள் அஞ்சே முக்காலுக்கு "சேந்தாச்சு"ன்னு ஒரு குறுஞ்செய்தி வருது. அத பாத்துட்டு மறுபடியும் தூங்கிருவேன். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கின அனுபவம் இருக்கிற மக்கா, உங்க கதையையும் பின்னூட்டத்துல சொல்லுங்க. டாக்டர் ஓட்டின வண்டி வாங்கினவங்களுக்கு முன்னுரிமை உண்டு :-)